பிரேக் அங்கிள்

குழந்தைகள் விளையாடும் இடம் எதுவானாலும் அதைச் சுற்றி ஒரு கம்பி வேலி இருக்கும். வேலிக்கு ஒரு வாசல் இருக்கும். அந்த வாசலில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து, கழுத்தை முன்னால் நீட்டி, இரண்டு கைகளையும் பாதி உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தபடி ஒருவர் நின்றுகொண்டிருப்பார். பந்து பிடிக்க நிற்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே பந்தே இருக்காது. அவர் பிடிக்கக் காத்திருப்பது தன் பிள்ளையை. பிள்ளையோ அவரிடமிருந்து நாற்பது அடி தள்ளி, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, பாட்டிலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்.

"மெதுவா குடி! புரையேறப் போகுது!"

இந்த இனத்துக்குக் 'கூடவே ஓடுபவர்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஆணிலும் உண்டு, பெண்ணிலும் உண்டு. படித்தவர், படிக்காதவர், பணக்காரர், இல்லாதவர் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. பையில் பஞ்சும் பிளாஸ்டரும் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மேஜையின் முனைகளைத்தான் பார்ப்பார். படியில் இறங்கும்போது எதிரே ஏறி வருகிற, முன்பின் தெரியாத பிள்ளைக்கும் சேர்த்து ஒரு எச்சரிக்கை விடுவார். பிள்ளையின் பாலை ஆற்றி, தன் உதட்டில் வைத்துப் பார்த்து, மறுபடியும் ஆற்றித்தான் கொடுப்பார். பிள்ளைக்கு மீசை அரும்பியிருக்கும். இவர் இடும் கட்டளைகளை மனிதப் பிறவி எதுவும் நிறைவேற்ற முடியாது. "ஓடாம போய் சீக்கிரம் எடுத்துட்டு வா." "குதிக்காம இறங்கு." "நல்லா விளையாடு, ஆனா வேர்க்கக் கூடாது."

இவரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். அந்தக் கடமையை முதலிலேயே முடித்துவிடலாம்.

இந்த இனத்துக்கு மாதிரியாக நமக்குக் கிடைத்திருப்பவர் ஒரு லிஃப்ட் இன்ஸ்பெக்டர். நகரத்தில் இருக்கும் உயரமான கட்டடங்களுக்குப் போய், லிஃப்டுகள் மனிதர்களை ஏற்றி இறக்கத் தகுதியானவையா என்று பார்த்துச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது அவருடைய வேலை. அந்த உலகத்தில் எதுவும் விழுவதில்லை. ஒரு கயிறு அறுந்தால் இன்னும் நான்கு கயிறுகள் தாங்கும். மோட்டாரில் இருக்கும் பிரேக் பிடிக்காவிட்டால், வேகத்தை அளந்துகொண்டே இருக்கும் ஒரு சக்கரம் விழித்துக்கொள்ளும். அது சொன்னதும் பெட்டியின் அடியில் இருக்கும் இரும்புத் தாடை, இருபுறமும் நிற்கும் தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்துவிடும். அதையும் மீறி ஏதாவது நடந்தால் குழியின் அடியில் ஸ்பிரிங் காத்திருக்கும். இருபத்திரண்டு வருடமாக இதையே பார்த்துப் பார்த்துப் பழகிய மனிதரிடம், அவருடைய பத்து வயது மகள் ஒருநாள் வந்து ஸ்கேட்போர்டு வேண்டும் என்றாள்.

மறுக்கவில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். மகள் கேட்டு மறுக்கும் ஆள் இல்லை அவர். ஒரு வாரம் படித்தார். பதினொரு பக்கம் குறிப்பு எடுத்தார். பிறகு மகளையும், யோசனை சொல்ல வந்த மகளின் தோழியையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் ஒரு பலகையை எடுத்து மேஜைமேல் வைத்தார். நம்மவர் அதைத் தலைகீழாகப் புரட்டினார், நான்கு சக்கரத்தையும் சுற்றினார், ஒவ்வொரு திருகையும் நகத்தால் தொட்டுப் பார்த்தார்.

"இதுல பிரேக் எங்கே இருக்கு?"

"பிரேக் கிடையாது சார்."

"தனியா வாங்கணுமா?"

"இல்ல சார். கால்தான் பிரேக்."

"யாரு கால்?"

"ஓட்டறவங்க கால்."

இன்ஸ்பெக்டர் குனிந்து, ஓட்டப் போகிறவளின் காலைப் பார்த்தார். அன்று காலையில் ஷூவை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பிய கால் அது. "பிரேக் வெச்ச மாடல் வந்தா ஒரு போன் பண்ணுங்க" என்று தன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பலகையை வாங்கினார். தோழி இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டாள். மறுநாளிலிருந்து அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அவர் 'பிரேக் அங்கிள்' ஆகிவிட்டார்.

ஹெல்மெட் விஷயத்தில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளியில், சாய்வில்லாமல், தாடை வாருக்குள் ஒரே ஒரு விரல் நுழையும்படி, தலையை ஆட்டினால் ஆடாமல் பொருத்தினார். முழங்காலுக்கும் முழங்கைக்கும் பேட், மணிக்கட்டுக்கு உறை, அடி வழுக்காத ஷூ என்று எல்லாம் சரியாக வாங்கினார். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. பேட்டுக்கு மேலே சோபாவின் சின்ன மெத்தைகள் இரண்டை முன்னும் பின்னுமாக வைத்துத் தன் பெல்ட்டால் கட்டினார். மகளால் முழங்காலை மடக்க முடியவில்லை. முழங்காலை மடக்கி நில் என்பதுதான் அவர் எடுத்த பதினொரு பக்கக் குறிப்பின் முதல் வரி.

முதல் மூன்று வாரம் பயிற்சி வீட்டுக்குள், கூடத்துக் கம்பளத்தின் மேலே நடந்தது. அந்தக் காலகட்டத்தில் ஒரு விபத்துகூட நிகழவில்லை என்பதை அவர் பெருமையோடு சொல்லிக்கொள்வார். பலகையும் நகரவில்லை.

"இப்படியே ஓட்டினா அவ கல்யாணத்துக்குள்ள வாசல் வரைக்கும் போயிடுவா" என்றாள் மனைவி.

மனைவி ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். உடைந்த எலும்பைத் தினமும் பார்க்கிறவளுக்கு இருக்கும் நிதானம், உடையாத எலும்பை மட்டுமே பார்த்த நம்மவருக்கு இல்லை. "ஏங்க, என்கிட்ட வர்ற எலும்புல பாதி பாத்ரூம்ல வழுக்கினது, மீதி கட்டில்லருந்து இறங்கறப்போ மாட்டினது. போர்டு ஓட்டினவங்க எப்பவோ ஒண்ணு ரெண்டுதான்" என்று அவரைத் தேற்றுவதற்காகச் சொன்னாள். அவர் மறுநாளே பாத்ரூமுக்கு ரப்பர் விரிப்பு போட்டு, கட்டிலின் கால்களையும் அரையடி அறுத்துவிட்டார்.

கம்பளத்தில் கற்றுக்கொள்ள இனி எதுவும் பாக்கியில்லை என்று ஆனபிறகு, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஸ்கேட்போர்டு திடலில் மகளைச் சேர்த்தார்கள். அங்கே பயிற்சி தருபவள் இருபத்தைந்து வயதுப் பெண். ஒரு முழங்கையில் நீளமான பழைய தழும்பு. நம்மவர் கண்ணில் முதலில் பட்டது அந்தத் தழும்புதான். முதல் வகுப்பில் அவள் பலகையைத் தொடவே விடவில்லை. பிள்ளைகளைப் புல்தரையில் வரிசையாக நிறுத்தி, உடம்பைச் சுருக்கு, கையை ஊன்றாதே, பேட் மேலே போய் விழு, அப்படியே உருண்டுவிடு என்று விழுவதற்குச் சொல்லிக் கொடுத்தாள். பிள்ளைகள் மகிழ்ச்சியோடு விழுந்து உருண்டார்கள்.

வாசலில் ஒரு கால் வைத்திருந்தவர் உள்ளே போனார். "மேடம், நான் இவளை விழாம இருக்கக் கத்துக்கத்தான் சேர்த்திருக்கேன்."

"விழத் தெரிஞ்சாதான் சார் பயம் போகும். பயம் போனா மத்தது தானா வரும்."

"அது சரி. ஒரு வேளை விழுந்துட்டா?"

பயிற்சியாளர் அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். கிண்டல் செய்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை அந்தத் திடலின் நிரந்தரக் காட்சியாகிப்போயின. மகள் பலகைமேல் ஏறுவாள். தகப்பனார் அவளுடைய சட்டையின் பின்பக்கத்தை ஒரு கொத்தாகப் பிடித்துக்கொள்வார். பலகை நகரும். அவரும் நகர்வார். அது வேகம் பிடித்தால், இடது கையில் தண்ணீர் பாட்டில், வலது கையில் மகளின் சட்டை, தோளில் மருந்துப் பை, கழுத்தில் அலுவலக அடையாள அட்டை என்று சகலமும் குலுங்க, மூச்சிரைக்க, பக்கவாட்டில் ஓடுவார். ஓடிக்கொண்டே வாயும் ஓடும். "மெதுவா... மெதுவா... முன்னாடி பாரு... காலைப் பாரு... முன்னாடி பாருன்னா! அந்தப் பையன் வர்றான்... நின்னுடு... நிக்காத!" எத்தனையோ சமயம் மகள் விழாமல் இவர் மட்டும் விழுந்தார். அவருக்குத்தான் விழக் கற்றுத்தர யாருமில்லையே.

பெற்றோர் யாரும் பிள்ளைகளைத் தொடக் கூடாது என்று திடலில் ஒரு அறிவிப்பு எழுதி மாட்டினார்கள். அவர் அதைப் படித்துவிட்டு, நல்ல விதிதான், சில பேர் அளவுக்கு மீறித்தான் போகிறார்கள் என்றார்.

அவரிடம் ஒரு நோட்டு உண்டு. லிஃப்டில் ஏதாவது நடந்தால் எழுதி வைக்கும் பதிவேட்டின் அச்சு அசலான நகல். அதே பழுப்பு அட்டை, அதே கட்டங்கள். தேதி, கிழமை, நேரம், இடம், அடிபட்ட பாகம், காரணம், அருகில் இருந்தவர். மகள் விழுந்தால் அன்றைக்கே எழுதிவிடுவார். காரணம் என்ற கட்டத்தில் எவ்வளவோ ஆராய்ச்சி தெரியும்: வெயில் கண்ணில் பட்டது. ஷூ லேஸ் நீளம் அதிகம். காற்று. நாய் குரைத்தது (வேலிக்கு வெளியே). பக்கத்துப் பெண் சிரித்தது.

இந்த நோட்டும் ஓட்டமும் காலமெல்லாம் தொடர்ந்திருக்கும். ஆனால் திடலில் ஒரு தேர்வு வந்தது. அங்கே பெரியவர்களின் இடுப்பளவு உயரத்தில் ஒரு சின்னச் சரிவு இருக்கிறது. அதன் உச்சியிலிருந்து யாருடைய உதவியும் இல்லாமல் பலகையில் இறங்கி, கீழே இருக்கும் வெள்ளைக் கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டியவர்கள் மாலை நேரக் குழுவுக்குப் போகலாம். தோழி ஏற்கெனவே அங்கே போய்விட்டாள். தாண்டாதவர்கள் இன்னும் மூன்று மாதம் சின்னக் குழந்தைகளின் வகுப்பில் இருக்க வேண்டும். அங்கே எல்லோருக்கும் ஐந்து வயது. பலகைமேல் உட்கார்ந்து பாட்டுப் பாடுவார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை, மூன்று வாய்ப்பு. மனைவிக்கு ஞாயிறன்று மருத்துவமனையில் வேலை. ஆகவே கூட வருவது அப்பா.

முதல் ஞாயிறு. மகள் உச்சியில் நின்று, முன்னங்காலைப் பலகையில் வைத்தாள்.

"முட்டியை மடக்கு! மடக்கு! வலது பக்கம் சாயாத! வலதுன்னா உனக்கு வலது இல்ல, எனக்கு வலது!"

மகள் குழம்பிப்போய் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பலகை அவளை விட்டுவிட்டுத் தனியாக இறங்கி, வெள்ளைக் கோட்டை அழகாகத் தாண்டியது.

இரண்டாம் ஞாயிறு, வேலிக்கு வெளியே நிற்பதாகப் பயிற்சியாளரிடம் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். வெளியேதான் நின்றார். குரலுக்கு ஏது வேலி? மகள் பாதிச் சரிவு வரை இறங்கிவிட்டாள். முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டது. அப்போதுதான் "கல்லு! கல்லு!" என்று ஒரு அலறல் வந்தது. மகள் திரும்பினாள், உடம்பு திரும்பியது, பலகை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். கல் என்று அவர் சொன்னது ஒரு காய்ந்த இலை.

அன்று வீட்டுக்குப் போகும்போது, லிஃப்டில் அவர் வழக்கம்போலச் சான்றிதழின் தேதியைப் படித்துக்கொண்டிருக்க, மகள் பலகையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "அடுத்த ஞாயிறும் வரலைன்னா விட்டுடறேன்ப்பா."

"எதை?"

"போர்டைத்தான். யாருக்காவது குடுத்துடலாம்."

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அந்த நொடியில் அவருக்கு மனசுக்குள் நிம்மதியாக இருந்தது. அப்பாடா, ஒரு எலும்பும் உடையாமல் இது முடியப்போகிறது என்று தோன்றியது. பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு அழாமல் நின்றாள். தன் நிம்மதியை நினைத்து அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

புதன்கிழமை அவர் பதினொரு மாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில் இருந்தார். நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவிலேயே அந்த லிஃப்ட் திரும்பத் திரும்ப நின்றுகொண்டிருந்தது. மெக்கானிக் ஏதோ பாகம் எடுத்துவரப் போயிருந்தார். பழைய பழுதுகளைப் பார்க்கலாமென்று பையிலிருந்து பழுப்பு அட்டை நோட்டை எடுத்துப் பிரித்தால், வந்தது மகளுடைய நோட்டு. மூடிவிட்டு மற்றதை எடுத்திருக்கலாம். ஆனால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாயிற்று, கையில் பென்சிலும் இருக்கிறது. தொழில் புத்தி சும்மா இருக்குமா?

மொத்தம் பதினேழு பதிவு. இடம் பார்த்தார்: பல இடங்கள். நேரம்: காலையும் உண்டு, மாலையும் உண்டு. பாகம்: முழங்கால், முழங்கை, கலப்படம். காரணம்: பதினேழுக்குப் பதினேழு விதம். அவருக்குக் கீழே வேலை பார்க்கும் இளைஞர்கள் இப்படி ஒரு நோட்டைக் கொண்டுவந்தால், "தம்பி, காரணம்னு நீ எழுதினதை விட்டுடு. எந்தக் கட்டம் மாறவே இல்லைன்னு பாரு, அங்கதான் பழுது" என்பார். பார்த்தார். கிழமை: சனி, ஞாயிறு, சனி, ஞாயிறு. கடைசிக் கட்டத்துக்குப் போனார். அருகில் இருந்தவர்: தந்தை. தந்தை. தந்தை. அதற்குக் கீழே 'மேற்படி' என்று எழுதுவதற்குப் பதிலாக இரண்டு புள்ளி வைத்துக்கொண்டே போயிருந்தார்.

மனைவிக்கு போன் செய்தார்.

"செவ்வாய், வியாழன் நீ கூட்டிட்டுப் போறியே, அன்னிக்கெல்லாம் இவ விழறதே இல்லையா?"

"விழாமலா? நேத்து மட்டும் ஆறு தடவை."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நோட்டுல எழுதுவீங்கன்னு உங்க பொண்ணு சொல்லக் கூடாதுன்னுட்டா. விழுவா, உருளுவா, எந்திரிச்சுப் போவா. நான் அங்க ஓரமா உக்காந்து காய் நறுக்கிட்டிருப்பேன்."

"அந்தச் சரிவு?"

"இதையும் சொல்லக் கூடாதுன்னுட்டா... அவ ஒரு மாசமா இறங்கிட்டுத்தாங்க இருக்கா. எத்தனையோ தடவை."

இன்ஸ்பெக்டர் கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். மகள் உலகத்தில் செய்த மிகப் பெரிய காரியம். ஒரு மாதமாகச் செய்திருக்கிறாள். பயிற்சியாளருக்குத் தெரியும், தோழிக்குத் தெரியும், காய் நறுக்கியவளுக்குத் தெரியும். ஒரு நொடிகூடக் கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு மட்டும் தெரியாது.

பழுதான பாகத்தைக் கழற்றிவிட வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அன்று மாலை மகளிடம் சொன்னார்: "இந்த ஞாயிறு உன் ஃபிரெண்டோட அம்மா கூட்டிட்டுப் போவாங்கம்மா. நான் வரல."

"அப்ப நானும் போகல."

"ஏம்மா? நான் இல்லைன்னா நீ நல்லா இறங்குவியே."

மகளுக்குப் புரிந்துவிட்டது. அம்மாவை ஒரு முறை முறைத்தாள். பிறகு, "அம்மா பாத்துட்டாங்க. எல்லாரும் பாத்துட்டாங்க. நீங்கதான் பாக்கல" என்றாள்.

"நான் வந்தா என் வாய் சும்மா இருக்காதே."

"அதுக்கு ஏதாவது வழி பண்ணுங்கப்பா. பதினொரு மாடி லிஃப்டையே நிறுத்தறீங்க இல்ல?"

பயிற்சி அன்றைக்கே தொடங்கியது. மனைவி ஸ்டூல்மேல் ஏறி பல்ப் மாற்றினாள். அவர் கீழே நின்று, உதடுகளை உள்ளுக்குள் மடித்துக்கொண்டு சத்தமில்லாமல் இருக்க முயன்றார். நான்கு நொடி தாங்கினார். வெள்ளிக்கிழமை, மகள் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள், ஆறு நொடி. சனிக்கிழமை, அடுப்பில் பால் பொங்கியது. யாரும் ஏறவில்லை, யாரும் இறங்கவில்லை, இருந்தாலும் "பத்திரம்!" என்று பாலைப் பார்த்துக் கத்தினார். மனைவி நம்பிக்கையை விட்டாள்.

ஞாயிறு வந்தது. அவர் திடலின் வாசலில் கால் வைத்ததும் பயிற்சியாளர் எதிரே வந்தாள். கையில் ஒரு நீளமான துடைப்பம்.

"சார், நீங்க அன்னிக்குக் கல்லுன்னு கத்தினது ஒண்ணும் தப்பில்ல. சுண்டு விரல் நகம் அளவுக்குக் கல்லு இருந்தாலும் சக்கரம் நின்னுடும், ஏறினவங்க பறந்துடுவாங்க. ஆனா அதைப் பிள்ளை இறங்கறப்ப சொல்லி என்ன பிரயோஜனம்? இந்தாங்க."

இத்தனை மாதத்தில் அந்தத் திடலில் அவருக்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலை. பெருக்கினார் பாருங்கள்! உச்சியிலிருந்து அடிவரைக்கும், ஓரங்களில், மூலைகளில், இரண்டு சிமென்ட் பாளங்கள் சேரும் இடுக்கில் குனிந்து விரலால் நோண்டி, மணலும் குச்சியும் உடைந்த பாட்டில் மூடியுமாக ஒரு வாளி நிறைய அள்ளினார். பிறகு சரிவுக்கு முதுகைக் காட்டி, தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்று, ஏற்கெனவே சுத்தமாக இருந்த தரையை மறுபடியும் பெருக்கத் தொடங்கினார். கண் பார்த்தால்தானே வாய் திறக்கும்? தனக்குத் தானே அவர் போட்டுக்கொண்ட பிரேக் அதுதான்.

முதுகுக்குப் பின்னால் மகளின் பெயரைக் கூப்பிட்டார்கள். துடைப்பம் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு பெட்டி ஏறும் சத்தத்தை வைத்தே எந்த மாடியில் தண்டவாளம் கோணல் என்று சொல்லக்கூடிய காது அவருடையது. சக்கரம் சிமென்டில் உரசும் சத்தம் கேட்டது. ஒரு தட்டு. பிறகு ஒரே சீரான உருளல், இறங்குகிறது, வேகம் பிடிக்கிறது, நடுங்கவில்லை, தடுமாறவில்லை, சமதரைக்கு வந்துவிட்டது, மெல்லக் குறைகிறது. கைதட்டல். துடைப்பத்தின் கட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு குழாயையே பார்த்தார். குழாய் கலங்கலாகத் தெரிந்தது.

மகள் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "அப்பா! பாத்தீங்களா?"

"கேட்டேம்மா. பிரமாதமா இருந்துச்சு."

"கேட்டீங்களா? நான் என்ன பாட்டா பாடினேன்?" அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "இன்னொரு தடவை இறங்கறேன். இந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

"நீதான் பாஸ் ஆயிட்டியேம்மா, இன்னொரு தடவை எதுக்கு..."

"திரும்பி நில்லுங்கப்பா!"

திரும்பினார். துடைப்பக் கட்டையைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்துக்கொண்டார். மகள் உச்சிக்குப் போனாள், அவரைப் பார்த்துக் கை காட்டினாள், முழங்காலை மடக்கினாள், இறங்கினாள். ஐயோ, எவ்வளவு சின்னவள்! எவ்வளவு அழகாக நிற்கிறாள்! ஹெல்மெட்டுக்கு வெளியே பறக்கும் நான்கு முடி, நீட்டிய கைகள், கடித்த நாக்கு. அவர் வாய் திறக்கவில்லை. வெள்ளைக் கோட்டைத் தாண்டினாள். தாண்டிய பெருமையில் அப்பாவின் பக்கம் ஒரு சின்னத் திருப்பம் திருப்பிக் காட்ட நினைத்தாள். அதை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. விழுந்தாள்.

கையை ஊன்றவில்லை. உடம்பைச் சுருக்கிக்கொண்டு, பேட் மேலே போய் விழுந்து, உருண்டாள். புல்தரையில் கற்றபடியே விழுந்தாள்.

வேலிக்கு வெளியே நின்ற அத்தனை அப்பாக்களும் அம்மாக்களும் "ஐயையோ! பாத்து! பாத்து!" என்று ஒரே குரலில் அலறினார்கள். கூடவே ஓடுபவர்கள் ஊருக்கு ஒருவர் மட்டுமா என்ன? நம்மவர் வாயிலிருந்து துடைப்பம் கீழே விழுந்தது. அவர்கள் பக்கம் திரும்பி, இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் குழிகளுக்குள் கத்திப் பழகிய குரலை முழுசாகத் திறந்துவிட்டார்.

"யாரும் சத்தம் போடாதீங்க! அவளுக்குத் தெரியும்! அவ எந்திரிச்சுக்குவா!"

அந்தத் திடலில் அதுவரை யாரும் அவ்வளவு பெரிய சத்தத்தைக் கேட்டதில்லை. பேருந்து நிலையத்தில் புறப்படத் தயாரான ஒரு வண்டி நின்றேவிட்டது என்கிறார்கள். பாதி எழுந்துவிட்ட மகள், அந்தச் சத்தத்தில் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பிப் பார்த்து, பலகை காலடியிலிருந்து நழுவ, மறுபடியும் பொத்தென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அன்று மாலை நோட்டில் இரண்டு பதிவுகள் ஏறின. பதினெட்டு: வெள்ளைக் கோட்டுக்கு அப்பால். அடி ஏதுமில்லை. அருகில் இருந்தவர்: தந்தை. காரணம்: பழகுகிறாள். பத்தொன்பது: அதே இடம், அரை நிமிடம் கழித்து. அருகில் இருந்தவர்: தந்தை. காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பென்சிலைக் கடித்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். பிறகு, நேர்மையான அதிகாரி என்பதால், அதிலும் 'தந்தை' என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த நோட்டில் அதற்குப் பிறகு பதிவு எதுவும் இல்லை. மகள் விழுவது நின்றுவிட்டதாக அர்த்தமில்லை. ஞாயிறுதோறும் திடலைப் பெருக்கி முடிக்கவே அவருக்கு நேரம் சரியாக இருக்கிறது.

சிரித்தாயிற்றா? நல்லது. நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். பிள்ளைகளைச் சுதந்திரமாக வளர்ப்பவர். அவர்கள் போக்கில் விடுகிறவர். கட்டிலின் காலை அறுக்காதவர். ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் கேட்டுவிட்டுப் போகிறேன். இந்தப் பக்கங்களைப் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையில் நாற்காலி இழுபடும் சத்தம் ஒன்று கேட்டதே, அப்போது புத்தகத்திலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் நீங்கள் ஒரு குரல் கொடுத்தீர்கள். என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? அங்கே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது உங்கள் மாமனார்.